வாசம் போகிற தூரம் மழை

அந்த வருஷம் தூத்துக்குடி பாய்மரத் தெருவுக்கு மழை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் வானத்தைக் காட்டுவார்கள், மீதிப் பேர் ஜெசிந்தா வீட்டு அடுக்களையைக் காட்டுவார்கள். அடுக்களையைக் காட்டுகிறவர்கள்தான் விவரம் தெரிந்தவர்கள். நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளட்டும், அதனால் யாருக்கும் குடிமுழுகிப் போய்விடாது.

ஜெசிந்தாவின் புருஷன் லியோன் மச்சாது, கப்பல் வேலைக்கு என்று போனவர், எப்படியோ அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இறங்கி, வருகிறவர் போகிறவர் தங்கும் வீடு ஒன்றில் காலைச் சாப்பாடு மட்டும் செய்கிற சமையல்காரராக ஒட்டிக்கொண்டார். எப்போதாவது ஊருக்கு வருவார், வந்தால் ஒரு வாரம் விருந்தாளி மாதிரி வீட்டில் உட்கார்ந்திருப்பார், சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார், போய்விடுவார். பிள்ளைகுட்டி இல்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரம்மா வயசாகி வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு போய்விட, இவர் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பெட்டியில் கொஞ்சம் துணி, அதற்கு அடியில் ஒரு கனத்த இரும்புத் தட்டைச்சட்டி, அவ்வளவுதான். பேச்சைக் கொண்டுவர மறந்துவிட்டார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்த மனுஷன் பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்றால் தலையாட்டுவார், இன்னும் கொஞ்சம் போடவா என்றால் கையைக் காட்டுவார், கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றார். இத்தனை வருஷம் போனில் காற்றோடும் கரகரப்போடும் அரைகுறையாகக் கேட்ட குரல், ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அதுவும் இல்லை என்று ஆனதில் ஜெசிந்தாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தனியாக இருந்தபோது வீடு அமைதியாக இருந்தது. இப்போது இரண்டு பேர் இருந்து வீடு அமைதியாக இருந்தது. இரண்டாவது அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லியோன் தானாகவே எழுந்து அடுக்களைக்குள் போனார். முந்தின வாரமே பன்றிக்கறியை வாங்கி, தெருக்கோடியில் இருக்கும், உப்பளத்தில் கூலிவேலை செய்கிற தங்கக்கிளி கொடுத்த கல்லுப்பில் ஊறப்போட்டு வைத்திருந்தார். ஆட்டு ரத்தத்தில் ஓட்ஸைக் கலந்து கட்டியாக அவித்து வைத்திருந்தார். மோரும் ஆப்பச்சோடாவும் சேர்த்துப் பிசைந்த மாவை இட்லிச் சட்டியை மூடிபோட்டு அடுப்பாக்கி ரொட்டியாகச் சுட்டிருந்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டுக் கேட்டு ஜெசிந்தா அலுத்துப்போயிருந்தாள். இரும்புச்சட்டி காய்ந்தது. முதலில் கொத்துக்கறி அடைத்த சாசேஜை அவசரமில்லாமல் புரட்டினார், அது சிவந்ததும் உப்புக்கறித் துண்டுகளைப் போட்டார், கொழுப்பு உருகி சட்டி முணுமுணுக்க ஆரம்பித்ததும் ரத்தக்கட்டியை வில்லை வில்லையாக அடுக்கினார், அந்தக் கொழுப்பிலேயே காளான், தக்காளி, கடைசியில் முட்டை. முட்டையை உடைத்து ஊற்றிய அதே நேரத்தில் வெளியே மழை வந்தது.

தூத்துக்குடி மழை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், வராது, வந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும். இது அந்த ஜாதி மழையே இல்லை. சலித்த மாவு மாதிரி, சத்தமே இல்லாமல், விழுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல், குளிர்ந்து, பச்சைப்புல் வாசத்தோடு, பொரிக்கிற வாசம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்துக்கு மட்டும் பெய்தது. அடுத்த தெருவில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

மழையோடு லியோனுக்குப் பேச்சும் வந்தது.

"மெத்துனு இருக்கு நாளு, ஆண்டவருக்கு நன்றி" என்றார், கரண்டியால் சூடான கொழுப்பை அள்ளி முட்டையின் மேல் ஊற்றிக்கொண்டே. "நல்லாத் தூங்கினீங்களா? உக்காருங்க, டீ வருது."

தூறல் விழுகிற நாளை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், நாள் எப்படி மெத்தென்று இருக்கும் என்று ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை, கட்டின பெண்டாட்டியை எதற்கு வாங்க போங்க என்கிறார் என்பதும் புரியவில்லை, ஆனால் குரல் கேட்டதே, அது போதும் என்று உட்கார்ந்துவிட்டாள். தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவர் உட்காரவில்லை, தோளில் துண்டோடு சுவரோரமாக நின்று, அந்த ஊர்க் கடலைப் பற்றியும், ஆடுகள் ரோட்டில் படுத்துக்கொண்டு பஸ்ஸை மறிப்பதைப் பற்றியும், சமையல்காரன் விருந்தாளிகளோடு மேசையில் உட்காரக் கூடாது என்ற அந்த வீட்டு வழக்கத்தைப் பற்றியும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சட்டியைக் கழுவியதும் மழை நின்றது. பேச்சும் பாதியில் நின்றது.

இதெல்லாம் ஆச்சரியமாக இல்லையா என்று கேட்பீர்கள். பாய்மரத் தெரு தண்ணீர் லாரிக்குக் காத்துக் காத்துப் பல்லும் முடியும் போன தெரு, அதற்கு ஆச்சரியப்பட நேரம் ஏது. அடுத்த ஞாயிறு முட்டை உடைவதற்கு முன்பே தெரு நெடுக குடம் வந்துவிட்டது, அண்டா வந்துவிட்டது, குழந்தை குளிக்கிற தொட்டி கூட வந்துவிட்டது. கணக்கு வாத்தியார் சுத்த சைவம், அவர் மூக்கை மூடி, சன்னலைச் சாத்திவிட்டு, குடத்தை மட்டும் வெளியே வைத்தார். மதில்களில் ஊசி ஊசியாகப் புல் முளைத்தது, இதுவரை வடகமும் வற்றலும் மட்டுமே காய்ந்த மொட்டைமாடிகளில் நத்தை ஊர்ந்தது, பெரிசுகள் சால்வை போர்த்திக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்போது "மெத்துனு இருக்கு நாளு" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மதலேனா, எதையும் முன்னால் நின்று நடத்தாவிட்டால் சோறு இறங்காதவள், சாசேஜ் வாங்குவதற்குத் தெருவில் வரி போட்டாள்.

பெண்கள் எல்லாம் குடத்தடியில் நின்றதில் முதல் பூசைக்குக் கோவிலில் ஆளில்லை. பங்குச்சாமியார் ரெமிஜியுஸ் விசாரிக்க வந்தார், தட்டில் கொடுத்ததை ருசி பார்த்தார், இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று மறுபடியும் ருசி பார்த்தார்.

"சாமி, இத புதுமை, அற்புதம்னு மேலிடத்துக்கு எழுதிப் போடலாமா?" என்று மதலேனா கேட்டாள்.

"எழுதினா புதுமை செஞ்ச புனிதர் யாருன்னு கேப்பாங்க. பன்னிய காட்டவா?" என்றவர், வாயைத் துடைத்துக்கொண்டு பூசை நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

ஜெசிந்தாவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு அந்தப் பேச்சுதான் வேண்டியிருந்தது. வாரம் முழுக்க ஊமையாக நடமாடுகிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மழைக்குள் மட்டும் வாய் திறப்பதால், அவள் திங்கட்கிழமையிலிருந்தே ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு கிடந்தாள். அப்படி ஒரு ஞாயிறு, ரொட்டியைக் கொழுப்பில் புரட்டிக்கொண்டிருந்தவர், மற்ற கதையெல்லாம் விட்டுவிட்டு, திடீரென்று அவள் பக்கம் திரும்பாமலே, "நான் ஏன் ஊருக்கு வராமலே இருந்தேன்னா..." என்று ஆரம்பித்தார். சட்டியில் கொழுப்பு தீர்ந்தது, மழை நின்றது, வாக்கியம் அந்தரத்தில் நின்றது. மிச்சத்தைச் சொல்லுங்க சொல்லுங்க என்று அவள் கெஞ்சியதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா, அதுவும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் உப்பளத்தில் உப்பு வாரத் தொடங்கினார்கள். பாத்தியில் கடல்தண்ணீர் வெயிலில் கட்டிக் கட்டி உப்பாக இறங்குகிற காலத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் எல்லாம் பழையபடி தண்ணீர். தெருவும் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. உப்பளம் தெருவுக்கு மேற்கே. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் வாசம் கடலுக்குப் போகும், மழை மீனுக்கு. காற்றே இல்லாவிட்டால் மழை தெருவுக்கு. கிழக்கேயிருந்து கொண்டல் அடித்தால் மழை நேராக உப்பளத்துக்கு. ஆகவே மதலேனா மாடியில் ஏறி முந்தானையை விரித்துப் பிடித்து, காற்று எப்படி என்று பார்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் ஜெசிந்தா வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மதலேனாவின் முந்தானை மேற்கே பார்த்துப் படபடத்தது. "இன்னைக்கு வேண்டாம் ஜெசி, கொண்டலு" என்று மேலேயிருந்து கத்தினாள்.

ஜெசிந்தாவுக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி சட்டியை அடுப்பில் ஏற்றி, கரண்டியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். அரை வாக்கியத்தின் மிச்சம் அவளுக்கு வேண்டியிருந்தது, அதற்கு ஒரு வாரம் காத்திருந்தாயிற்று, இன்னொரு வாரம் முடியாது, அவ்வளவுதான்.

சாசேஜ் சிவந்தது, முட்டை விழுந்தது, தெரு காய்ந்து கிடக்க தூரத்தில் உப்பளத்தின் மேல் மட்டும் வெள்ளையாக ஒரு படுதா இறங்கியது. லியோன் முகம் மலர்ந்து திரும்பினார்.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்றார். "ரெண்டு நாளு தங்குறீங்களா, இல்ல இன்னைக்கே கெளம்புறீங்களா?"

"நீங்க போன வாரம் ஒண்ணு சொல்ல வந்தீங்களே" என்றாள்.

"அந்தப் பக்கத்துச் சன்னல்ல கடல் நல்லாத் தெரியும். மெத்துனு இருக்கு நாளு" என்றார் அவர், அதே சிரிப்போடு.

அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இவர் என்னோடுதான் பேசுகிறாரா, இல்லை, அந்த வீட்டு மேசையில் யார் உட்கார்ந்தாலும் இப்படித்தான் பேசுவாரா? இத்தனை ஞாயிறாக நான் சேர்த்துச் சேர்த்து வைத்தது எனக்குச் சொன்ன பேச்சுதானா, வழிப்போக்கருக்குச் சொன்னதா? அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டை தட்டில் ஆறிப்போனது.

மத்தியானம் தங்கக்கிளி வந்தாள். வாசற்படியில் ஏறவில்லை, நனைந்து காய்ந்த சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றாள். உப்பு வாரினால்தான் அவளுக்குக் கூலி, கூடை சுமந்தால்தான் அடுப்பு எரியும்.

"வாரி முடிக்க வேண்டிய பாத்தியெல்லாம் போச்சு, யக்கா" என்றாள். "திரும்ப உப்பு எறங்குற வரைக்கும் எங்களுக்கு வேல இல்லன்னுட்டாங்க. என் உப்புலயே கறிய ஊறப்போட்டு, என் உப்பையே கரைச்சிட்டீய."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் திட்டவில்லை. காற்று மாறினது தெரியாமப்போச்சு என்று ஜெசிந்தா சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது, மதலேனாவின் தொண்டை உப்பளம் வரைக்கும் கேட்கிற தொண்டை என்று ஊருக்கே தெரியும்.

நல்லகாலம், அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் பாய்மரத் தெருவில் கறி வாசமே கூடாது. ஈஸ்டர் வரும் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் கறி இல்லை, கறி இல்லாததால் மழை இல்லை, மழை இல்லாததால் உப்பு பாளம் பாளமாக இறங்கியது. கறிக்கு விலக்குக் கொடுக்கச் சொல்லி மதலேனா சாமியாரிடம் மனுப்போட்டுப் பார்த்தாள். "தாகத்த தவக்கால ஒறுத்தலா ஒப்புக்கொடுங்க" என்று சொல்லிவிட்டார் அவர். அவருக்கும் காலையில் தட்டு வராதது வருத்தம்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

லியோன் வாய் திறக்கவே இல்லை. விடிந்ததும் எழுந்து, வெறும் சட்டியைத் துடைத்து, எண்ணெய் தடவி, கவிழ்த்து வைத்துவிட்டு, பகல் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், யாரோ வந்து இறங்க வேண்டியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பது போல. ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழைக்குள் பேசுகிறவர் என் புருஷனா, வெயிலுக்குள் பேசாதவர் என் புருஷனா என்று நினைத்து நினைத்து, சோற்றுக்கு உப்புப் போட்டோமா என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

உயிர்ப்பு ஞாயிறு காலை. கோவில் மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் வாய் வறண்ட குடங்கள் வாசல் வாசலாக வரிசை கட்டி நின்றன. மதலேனா மாடியில் நின்றாள், காற்று கொண்டல், முந்தானை நேராக உப்பளத்தைக் காட்டியது; ஆனால் இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று கத்தவில்லை, தெருவில் பாதிப் பேர் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பும், அடுப்பைப் பற்றவை என்றார்கள், பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் குடத்தைப் பார்த்தார்கள். தங்கக்கிளி வரவே இல்லை. அவள் உப்பளத்தில், தலையில் கூடையோடு, அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்பது ஜெசிந்தாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

லியோன் சட்டியை ஏற்றிவிட்டுக் கரண்டிக்குக் கையை நீட்டினார். ஜெசிந்தா கொடுக்கவில்லை.

"இன்னைக்கு நான் செய்யுதேன்" என்றாள். "நீங்க நில்லுங்க."

தன் கைக்கு மழை வராது, மழை வராவிட்டால் இனிமேல் இந்த மனுஷன் குரலைக் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இரும்புச்சட்டியை இறக்கிவிட்டுத் தன்னுடைய பழைய வாணலியை வைத்தாள். கண் மறைத்தது, கை மட்டும் பழக்கத்தில் தன் பாட்டுக்கு வேலை செய்தது. எண்ணெய் ஊற்றியது. காய்ந்ததும் கடுகை அள்ளிப் போட்டது. கடுகு வெடித்ததும் கருவேப்பிலையை உருவிப் போட்டது. அதற்கு மேல் உப்புக்கறியையும் சாசேஜையும் ரத்தக்கட்டியையும் எல்லாவற்றையும் ஒரே வாட்டியில் கொட்டிக் கிண்டி, தக்காளியைப் பொடியாக நறுக்கித் தள்ளி, முட்டையை உடைத்து ஊற்றி அதையும் சேர்த்துக் கிளறியது. வெளியே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். ஒரு பொட்டு விழவில்லை. மதலேனா முந்தானையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுக்களைக்குள் வறண்ட வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் நின்றுகொண்டு லியோன் வாணலிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஜெசி" என்றார், "கருவேப்பில எதுக்குப் போட்ட?"

அவள் சன்னலைப் பார்த்தாள், மழை இல்லை. அவரைப் பார்த்தாள்.

"தெரியாமப் போட்டுட்டேன்" என்றாள்.

"தக்காளிய ரெண்டா வெட்டி, வெட்டின பக்கம் கீழ இருக்கணும். முட்டையக் கிண்டக் கூடாது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் அது அவளுக்குச் சொன்னது, வேறு யாருக்கும் சொன்னதில்லை. வேறு யாரும் அயர்லாந்துச் சாப்பாட்டில் கடுகு தாளித்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு உப்புக்காலம் முழுக்க ஜெசிந்தாதான் சமைத்தாள். அவள் சமைத்தால் மழை வராது என்று தெரு கண்டுகொண்டது. ஐப்பசியில் உப்பளம் மூடினதும் லியோன் கைக்குக் கரண்டியைக் கொடுப்பது, அதுவரை லாரிக்குக் காத்துக் கிடப்பது என்று மதலேனா வீட்டில் கூடிப் பேசி முடிவாயிற்று. காரணம் என்ன, சட்டியா, கையா, மனசா என்று யாரும் தோண்டவில்லை. தங்கக்கிளி கறி ஊறப்போட உப்புக் கொண்டுவந்து, இந்தத் தடவை படியேறி உள்ளே வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா ஒவ்வொரு ஞாயிறும் வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்தாள். ஒரு வாரம் காளானில் மஞ்சள்தூள், ஒரு வாரம் டீயில் ஏலக்காய், ஒரு வாரம் ரத்தக்கட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. அவர் ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்தார், சுவரோரம் நின்றபடியே, இது இப்படி இல்லை, அது அப்படி என்று. தப்பைத் தேடித் தேடிச் செய்ததில் சரி எது என்பது அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிறு வந்தது. முந்தின நாள் முழுக்க யோசித்தும் அவளுக்கு ஒரு தப்பும் ஞாபகத்துக்கு வரவில்லை. எல்லாத் தப்பும் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். சாசேஜ் முதலில், கறி அடுத்து, தக்காளி வெட்டின பக்கம் கீழே, முட்டையின் மேல் கொழுப்பைக் கரண்டியால் அள்ளி ஊற்றினாள், மஞ்சள்கரு உடையவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

லியோன் தட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே வெயில் சுட்டது, எங்கேயோ ஒரு ஆட்டோ போனது, அவர் வாய் மூடியே இருந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள் ஜெசிந்தா. வெறும் சட்டியை எடுக்கத் திரும்பினாள்.

"ஜெசி" என்றார் அவர். "நான் இல்லாதப்போ, ஞாயித்துக்கெழம காலையில நீ என்ன சாப்பிடுவ?"

போனில் அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் இடியாப்பம், ஆட்டுக்கால் என்று ஏதாவது பொய் சொல்லியிருப்பாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "பூசைக்குப் போயிட்டு வந்து படுத்துக்கிடுவேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

"வந்தா என்ன பேசுறதுன்னு தெரியல" என்றார். "அதான் வராமலே இருந்துட்டேன்."

இதற்கு அழுவதா, சிரிப்பதா, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை, கடைசிவரைக்கும் தெரியவில்லை. இன்னொரு தட்டை எடுத்து, முட்டையைப் பாதியாகப் பிரித்து வைத்தாள். சமையல்காரன் மேசையில் உட்காரக் கூடாத வீட்டில் அத்தனை காலம் நின்றே பழகிய அந்த மனுஷன், நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உப்பு கொஞ்சம் கூடுதல்" என்றார்.